சாஃப்ட்வேரும் டேட்டாபேஸும் தகராறு பண்ணும்போது எதை எண்ணிப் பார்ப்பது

மலேசியாவின் பினாங்கில் சின்ன, நடுத்தர வியாபாரங்களின் பில்லிங், ஸ்டாக், கிளினிக் பதிவு போன்ற சாஃப்ட்வேர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பெரும்பாலும் நான் எழுதியது இல்லை. யாரோ எழுதி, வேறு யாரோ ஒட்டுப் போட்டு, மூன்றாவது ஆள் வேலையை விட்டுப் போன பிறகு என் கைக்கு வரும். புகார்கள் மட்டும் மாறுவதே இல்லை. பிறை ஊரில் கேட்டதையேதான் பாயான் லெப்பாஸிலும் கேட்கிறேன்.

"டிசைன் சரியில்லை" என்று சொன்னால் முதலாளி தலையாட்டுவார், காசு தரமாட்டார். எங்கே, எவ்வளவு சரியில்லை என்று ஓர் எண்ணைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார். ஆனால் எண்களைத் தேடி டூல் வாங்கப் போனால் அது முதல் நாளே நூறு தினுசில் கொட்டும், முக்கால்வாசி உங்கள் தொல்லைக்குச் சம்பந்தமில்லாதவை. அதனால் நான் புகாரிலிருந்து தொடங்குவேன். கீழே உங்கள் புகார் எதுவோ அதற்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கை கடிக்கும் காரணம் கடைசியில். எண்ணிக்கை பதில் சொல்லிவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கை வைக்கும் முன்

பேக்கப்பை எடுத்து இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, அந்த நகலில்தான் எல்லாக் கணக்கும் பாருங்கள். ரீஸ்டோர் ஆகவில்லையா? அப்படியானால் உங்கள் உண்மையான பிரச்சினை அதுதான். மற்றதை ஓரம் வைத்துவிட்டு அன்றைக்கே இந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

புகார் 1: "சின்ன மாற்றம்தான் கேட்டோம், நாலு இடம் உடைந்துவிட்டது"

இங்கே அடிக்கடி மாட்டுவது வரி. ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரி 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டில் வந்தது, 2018 ஜூன் 1 அன்று சுழியமானது, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பழைய விற்பனை, சேவை வரி (எஸ்எஸ்டி) திரும்பியது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 ஆனது. ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை: உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவை 6 இலேயே நின்றன.

ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன ஹோட்டல். அறை வாடகைக்கு 8, சாப்பாட்டுக்கு 6 வரவேண்டும். அவர்களுடைய புரோகிராமர் கோட் முழுக்க 0.06 என்று தேடி 0.08 என்று மாற்றிவிட்டார். மறுநாள் நாசி லெமாக்குக்கும் 8 விழுக்காடு. பிப்ரவரி பில்லை யாரோ மறுபடி அச்செடுக்கக் கேட்டார், அதுவும் 8 இல் வந்தது. மூன்றாவது தப்புதான் சுவாரஸ்யம்: மொத்தத்திலிருந்து வரியைப் பிரிக்கும் ஓரிடத்தில் 1.06 ஆல் வகுத்திருந்தார்கள். அது தேடலில் மாட்டவே இல்லை, பழையபடியே ஓடிக்கொண்டிருந்தது. கணக்காளர்தான் மாதக் கடைசியில் கண்டுபிடித்தார்.

*காரணம் அ: ஒரே எண் பல இடத்தில்.* சோதனை: வரி விகிதத்தை எழுதக்கூடிய எல்லா வடிவத்தையும் தேடுங்கள். 0.06, 1.06, 106, நூறால் வகுக்கும் 6. கோட்டில் மட்டும் போதாது, டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஸ்டோர்டு புரொசீஜர் (அங்கேயே சேமித்த சின்ன புரோகிராம்), வியூ (சேமித்து வைத்த தேடல்), ரிப்போர்ட் டெம்ப்ளேட், முதலாளி மகள் வைத்திருக்கும் எக்செல் எல்லாவற்றிலும் தேடுங்கள். கிடைத்த இடங்களை எண்ணுங்கள். இதுதான் நான் அதிகம் நம்பும் அளவுகோல்: ஒரு விஷயம் எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று என்றால் நல்லது. இரண்டு என்றாலே என்றைக்கோ ஒரு நாள் இரண்டும் ஒத்துப்போகாது. தீர்வு, சேவை வகை, விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று நான்கு ஃபீல்டு உள்ள ஒரு வரி டேபிள். பில் போடும்போதே வரித் தொகையையும் பில்லோடு சேர்த்துச் சேமித்துவிட வேண்டும். பழைய பில்லை மறுபடி கணக்குப் போடக் கூடாது.

*காரணம் ஆ: காப்பி அடித்த கோட்.* சோதனை: கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) வரலாற்றில் கடைசி இருபது மாற்றங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோப்பு தொட வேண்டியிருந்தது என்று எழுதி, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள். சராசரி வேண்டாம், பல மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்த ஒரே ஒரு பெரிய மெர்ஜ் அதைக் கெடுத்துவிடும். ஒரு லேபிளை மாற்றவே ஏழெட்டுக் கோப்பு என்றால் பிரதிகள் இருக்கின்றன. கிட்டே இல்லை, ஃபோல்டர் பெயரில்தான் தேதி போட்டு வைக்கிறோம் என்கிறீர்களா? முதலில் கிட் போடுங்கள், மூன்று மாதம் கழித்து இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

*காரணம் இ: எல்லாம் ஒரே கோப்பில் வந்து முட்டுகிறது.* சோதனை: கடந்த ஆறு மாதத்தில் அதிகம் மாறிய பத்துக் கோப்புகள் ஒரு பட்டியல், மிக நீளமான பத்துக் கோப்புகள் இன்னொரு பட்டியல். இரண்டிலும் வரும் பெயர்தான் வியாதி. நீளமாக இருந்தும் யாரும் தொடாத கோப்பை விட்டுவிடுங்கள், அது தூங்கட்டும். 1994 இல் சிடாம்பர், கெமரர் என்ற இரு ஆய்வாளர்கள் பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) டிசைனுக்கு ஆறு அளவுகோல்கள் வகுத்தார்கள். ஆறில் எனக்குக் கை கொடுப்பது ஒன்றுதான்: ஒரு கிளாஸ் (அந்த டிசைனில் கோட்டின் ஒரு தனி அலகு) எத்தனை மற்ற கிளாஸ்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணிக்கை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* இரண்டு பட்டியலிலும் வந்த அந்தக் கோப்பு வழியாகப் பணம் போகிறது, கோட்டைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் எதுவும் இல்லை என்றால். நீங்களே பிரிக்கத் தொடங்காதீர்கள்.

புகார் 2: "ஒரே வாடிக்கையாளர் மூன்று பேராக இருக்கிறார்"

நம் ஆட்களின் பெயரே இதற்குப் பாதிக் காரணம். இன்னாருடைய மகன் என்பதற்கு ஒருவரை ஒரு கவுண்டரில் ஏ/எல் போட்டுப் பதிவார்கள், அடுத்தவர் சாய்கோடு இல்லாமல் ஏஎல் என்பார், மூன்றாமவர் எஸ்/ஓ. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்த ஃபாரமாக இருந்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், சில இடங்களில் ஏ/எல் என்பதே குடும்பப் பெயராகிவிடும். ஒரு கிளினிக்கில் அந்த ஃபீல்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆகப் பெரிய குடும்பம் "ஏ/எல்" குடும்பம்தான், இரண்டாவது மகள் என்று பொருள்படும் "ஏ/பி" குடும்பம்.

*காரணம் அ: ஒரே விஷயம், பல எழுத்துமுறை.* சோதனை: பெயரை விடுங்கள், ஐசி எனும் அடையாள அட்டை எண்ணை எடுங்கள். மொத்த ரெக்கார்டு எத்தனை, கோடுகளையும் இடைவெளியையும் நீக்கிய பின் வேறுபட்ட ஐசி எத்தனை? வித்தியாசம்தான் உங்கள் இரட்டைப் பதிவு. வெற்று ஐசியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதைத் தனியாக எண்ணுங்கள்.

*காரணம் ஆ: எண்ணாகச் சேமித்த ஐசி.* இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போதும்: ரெக்கார்டுகளை ஐசி ஃபீல்டின் நீளம் வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். 12 வந்தால் சரி, 14 என்றால் கோடு போட்டது. 11, 10, 9 என்று வந்தால்? ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆண்டில் தொடங்கும். 2005 இல் பிறந்த பிள்ளையின் எண் 05 என்று தொடங்க வேண்டும். ஃபீல்டு எண் வகையாக இருந்தாலோ, இடையில் யாரோ எக்செல்லில் திறந்து சேமித்தாலோ முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். 2000 ஜனவரியில் பிறந்தவருக்கு மூன்று சுழியம் போகும். 1990களில் இந்தப் புரோகிராமை எழுதியவருக்கு இது தோன்றியிருக்காது, அப்போது வந்த வாடிக்கையாளர் அநேகமாக யாருக்கும் ஐசி சுழியத்தில் தொடங்கவில்லை. அஞ்சல் குறியீட்டிலும் இதே கதை. பினாங்குக்குள் எல்லாம் 10 முதல் 14 வரையில் தொடங்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கெடாவுக்குச் சரக்கு அனுப்பும்போதுதான் 08000 என்பது 8000 ஆகி நிற்கும்.

பொதுவான வழி ஒன்று சொல்கிறேன், அரை மணி நேர வேலை. டேட்டாபேஸ் தன் டேபிள், ஃபீல்டு விவரங்களைத் தானே ஓரிடத்தில் வைத்திருக்கும், இன்பர்மேஷன் ஸ்கீமா என்பார்கள். அதில் ஒரே பெயருள்ள ஃபீல்டு வெவ்வேறு டேபிளில் வெவ்வேறு வகையாக இருக்கிறதா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் எண் ஒரு டேபிளில் எழுத்து, இன்னொன்றில் எண் என்று கிடைக்கும். அந்தப் பட்டியலின் நீளம் ஒரு நல்ல அளவுகோல். கூடவே இன்னும் மூன்றை எண்ணிவிடுங்கள்: பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு) இல்லாத டேபிள்கள், பெயர் 1, 2, 3 என்று முடியும் ஃபீல்டுகள் (போன்1, போன்2, போன்3), பத்தில் ஒன்பது ரெக்கார்டில் காலியாகக் கிடக்கும் ஃபீல்டுகள். நார்மலைசேஷன் பாடமெல்லாம் இங்கே வேண்டாம், இந்த மூன்றே சொல்லிவிடும்.

*காரணம் இ: தடுப்பே இல்லை.* ஐசிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண்ணை இரண்டாம் தடவை ஏற்காத விதி) இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்குச் சுத்தம் செய்வது நாளைக்கே அழுக்காகும். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட், பிறந்த குழந்தைக்கு இன்னும் மைகிட் (குழந்தை அடையாள அட்டை) வராத நிலை, இவற்றுக்கு வழி வைத்துவிட்டுத்தான் கட்டுப்பாடு போட வேண்டும். இல்லாவிட்டால் கவுண்டரில் இருப்பவர் 999999, 999998 என்று எதையாவது அடித்து வேலையை முடிப்பார். தப்புச் சொல்ல முடியாது, வரிசையில் ஆள் நிற்கிறார்களே.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போது. மருந்து வரலாறு, கடன் பாக்கி போன்றவை ஒட்டியிருந்தால் கட்டாயம். தப்பான இரண்டு பேரை ஒன்றாக்கிவிட்டால் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

புகார் 3: "கூட்டல் பொருந்தவில்லை"

*இரண்டு மூன்று சென் மட்டும் வித்தியாசமா?* முதலில் ரவுண்டிங் பாருங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவருகிறோம். மொத்தத்தில் ஒரு தடவைதான், ஒவ்வொரு பொருளுக்கும் இல்லை. சோதனை: ரவுண்டிங் தொகைக்குத் தனி ஃபீல்டு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சென் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ரவுண்டிங் செய்யும் ஃபங்ஷன் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். புகார் 1 இல் சொன்னதேதான், ஒன்றுக்கு மேல் ஆகாது.

அப்புறம் பணத்தைச் சேமிக்கும் ஃபீல்டின் வகை. ஃபுளோட், டபுள் (தோராயமாகச் சேமிக்கும் வகைகள்) என்று இருந்தால் 10 சென் கூட அதற்குள் துல்லியமாக உட்காராது. டெசிமலாக இருக்க வேண்டும், அல்லது முழுக்கச் சென்னாக முழு எண்ணில். இன்பர்மேஷன் ஸ்கீமாவில் ஃபுளோட் வகை ஃபீல்டுகளை எண்ணுங்கள், அதில் பணம் எத்தனை என்று பாருங்கள். இலக்கு சுழியம்.

*பெரிய தொகை காணோமா?* அப்படியானால் அநாதை ரெக்கார்டுகளைத் தேடுங்கள்: பில்லில் ஒரு பொருளுக்கான பதிவு இருக்கிறது, பில் இல்லை; பில் இருக்கிறது, வாடிக்கையாளர் இல்லை. ஒவ்வோர் உறவுக்கும் ஓர் எண்ணிக்கை எடுங்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய டேபிள்கள் மைஐசாம் வகையாக இருந்தால், ஃபாரின் கீ (ஒரு டேபிளின் ரெக்கார்டு இன்னொன்றில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) போட்டாலும் அது தப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடும். கோட்டில் ஃபாரின் கீ எழுதியிருக்கிறதே என்று புரோகிராமர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. 5.5 பதிப்பிலிருந்துதான் ஃபாரின் கீயை மதிக்கும் இன்னோடிபி வழக்கமான வகை ஆனது, அதற்கு முன் உருவான டேபிள்கள் அப்படியே வந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொரு டேபிளும் எந்த வகை என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* அநாதைகள் வாராவாரம் கூடிக்கொண்டே போனால். பழையது என்றால் எண்ணிக்கை நிற்கும். கூடினால் இப்போதும் எங்கோ கசிகிறது. மூடிய கணக்கு ஆண்டின் எண்களைத் திருத்த வேண்டி வந்தால் புரோகிராமரோடு கணக்காளரும் உட்கார வேண்டும்.

புகார் 4: "ரிப்போர்ட் தே தாரேக் குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது"

சர்வர் வாங்கலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*எல்லா நேரமும் மெதுவா, ஒரு ஸ்கிரீன் மட்டுமா?* ஒரு ஸ்கிரீன் என்றால், அதைத் திறக்க எத்தனை குவெரி ஓடுகிறது என்று எண்ணுங்கள். நூறு பில்லைக் காட்டும் பக்கத்துக்கு நூற்றொரு குவெரி ஓடினால் குற்றம் டேட்டாபேஸில் இல்லை, கோட்டில் இருக்கிறது. பில் பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயர் கேட்டு ஒன்று. சேர்த்து ஒரே குவெரியாக்குவது ஒரு மணி நேர வேலை.

*எல்லாமே மெதுவா?* மைஎஸ்கியூஎல்லில் மெதுவான குவெரிகளின் லாக் வழக்கமாக அணைந்தே இருக்கும், போட்டாலும் 10 வினாடிக்கு மேல் ஆனதைத்தான் எழுதும். அதை 1 வினாடி ஆக்கி ஒரு வாரம் விடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் குவெரிப் புள்ளிவிவர நீட்சியைப் போடுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்காமல், எத்தனை தடவை என்பதோடு பெருக்கி மொத்த நேரத்தைப் பாருங்கள். நாற்பது வினாடி எடுக்கும் மாத ரிப்போர்ட்டை விட, அரை வினாடி எடுத்து நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடும் தேடல்தான் கழுத்தை அறுக்கும்.

முதலிடத்தில் இருப்பதை எக்ஸ்பிளெயின் (குவெரியை ஓட்டும் திட்டத்தைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். டேபிள் முழுக்கப் படிக்கிறதா? இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இல்லையென்றால் போடலாம். போஸ்ட்கிரெஸ், ஃபாரின் கீ ஃபீல்டுக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது, இன்னோடிபி போடும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லையா? ஃபீல்டின் மேல் ஃபங்ஷன் போட்டிருக்கலாம், தேடல் சொல்லின் முன்னால் எதுவும் வரலாம் என்று பொருள்படும் விழுக்காட்டுக் குறி இருக்கலாம், அல்லது எழுத்து ஃபீல்டை எண்ணோடு ஒப்பிட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது புகார் 2 இன் ஐசி கதைக்கே திரும்பப் போகிறது.

பயன்படாத இண்டெக்ஸையும் எண்ணலாம், எழுதுவதை அவை மெதுவாக்கும். ஆனால் ஆண்டுக் கடைசி ரிப்போர்ட் ஓடி முடியும் வரை எதையும் அழிக்காதீர்கள், யூனிக் இண்டெக்ஸை எப்போதுமே அழிக்காதீர்கள். ஒரு தடவை நான் அவசரப்பட்டு அழித்தேன். ஜனவரி முதல் வாரம் முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* குவெரி திட்டம் சரியாக இருந்தும் மெதுவாக இருந்தால், அல்லது பெரிய டேபிளைப் பிரிக்க வேண்டும் என்று தோன்றினால்.

புகார் 5: "டாஷ்போர்டில் எல்லாம் பச்சை, ஆனால் பக் நிற்கவில்லை"

இது கொஞ்சம் பெரிய டீம்களில் வரும். ஒரு நிர்வாகி இலக்கு வைத்திருப்பார்: டெஸ்ட் கவரேஜ் (டெஸ்ட் ஓட்டிப் பார்க்கும் கோட்டின் விழுக்காடு) 80, ஒரு ஃபங்ஷனின் சிக்கல் எண் 10க்குள். சிக்கல் எண் 1976 இல் மெக்கேப் என்ற ஆய்வாளர் சொன்னது. ஃபங்ஷனில் கிளை பிரியும் இஃப், ஃபார், வைல், கேஸ் எல்லாவற்றையும் எண்ணி ஒன்று கூட்டினால் வரும். 10 என்ற வரம்பும் அவர் சொன்னதுதான். பழுதில்லாத அளவுகோல், ஆனால் அதற்குப் பரிசு வைத்தால் கெட்டுவிடும்.

*எண் நல்லதாக மாறியது எப்படி என்று பாருங்கள்.* 22 இருந்த ஃபங்ஷன் ஒரே வாரத்தில் 8, 8, 8 என்று மூன்றானதா? மூன்றின் பெயரையும் வாசியுங்கள். பகுதி1, பகுதி2, பகுதி3 என்றிருந்து, மூன்றுக்கும் ஒரே பன்னிரண்டு மாறிகள் உள்ளே போகின்றன என்றால் சிக்கல் குறையவில்லை, மூன்று அறைக்குள் ஒளிந்திருக்கிறது.

*டெஸ்ட் உண்மையிலேயே காவல் காக்கிறதா?* இதற்கு டூல் வேண்டாம். முக்கியமான ஒரு கோப்பில் பத்து இடத்தை, ஒவ்வொரு தடவைக்கு ஒன்றாக, வேண்டுமென்றே கெடுங்கள். > என்பதை >= ஆக்குங்கள், கூட்டலைக் கழித்தலாக்குங்கள், தள்ளுபடியை நீக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட்டை ஓட்டுங்கள். பத்தில் எத்தனை பிடிபட்டது? கவரேஜ் 80 சொல்லும் இடத்தில் மூன்று மட்டும் பிடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். டெஸ்ட்கள் கோட்டை ஓட்டின, விடையைச் சரிபார்க்கவில்லை. அவ்வளவுதான். கெடுத்ததைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள், இதுவும் நடந்திருக்கிறது.

*பச்சை எண்ணுக்கும் புகாருக்கும் தொடர்பு இருக்கிறதா?* ஆறு மாதப் பக் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் திருத்தப்பட்டது என்று குறியுங்கள். அந்தக் கோப்புகளுக்கு டாஷ்போர்டு முன்பே சிவப்புக் காட்டியதா? காட்டவில்லை என்றால் அந்த அளவுகோலை எடுத்துவிடுங்கள். நிர்வாகி மனம் நோகும், பரவாயில்லை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* எண்ணோடு போனஸ் கட்டப்பட்டிருந்தால் வெளி ஆள் ஒருவர் வந்து சொல்வதுதான் நல்லது. உள்ளே இருப்பவர் சொன்னால் எடுபடாது.

புகார் 6: "அந்தப் பகுதியை அவர் ஒருவர்தான் தொடுவார்"

சோதனை ஒன்றுதான். பில்லிங், ஸ்டாக், சம்பளம் மூன்றுக்கும் கிட்டில் கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள்? ஒருவர் என்றால், அடுத்த சின்னத் திருத்தத்தை இன்னொருவரிடம் கொடுங்கள். பழைய ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கீபோர்டைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவர் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு இதைப் படிக்கிறீர்கள் என்றால், நோட்டீஸ் மாதம் முடிவதற்குள் ஆளைக் கூப்பிடுங்கள்.